6. பிடி: விரல் முதலில், உள்ளங்கை பிறகு

ரிவால்வர் வாங்கப் போகிறவர் கடையில் அதைக் கையில் எடுத்ததும் இறுக்கிப் பிடிப்பார், எடை பார்ப்பார், "நல்லா உக்காருது" என்பார். அப்போது அவருடைய ஆள்காட்டி விரல் டிரிக்கர் வளையத்துக்கு வெளியே நீண்டிருக்கும். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் பிடி கைக்குப் பொருந்துகிறதா என்பது அந்த நிலையில் தெரியாது. விரல் உள்ளே போய் டிரிக்கரைக் கடைசிவரை இழுக்கும்போது கைக்குள் ரிவால்வர் அசைகிறதா இல்லையா என்று பார்த்தால்தான் பிடியின் குணம் வெளிப்படும்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். டபுள் ஆக்ஷன் முறையில் ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழல வேண்டும், ஹேமர் பின்னால் போக வேண்டும், ஸ்பிரிங் அழுந்தி விடுபட வேண்டும். இத்தனைக்கும் பொதுவாக 4.5 முதல் 5.5 கிலோ வரை இழுவை தேவைப்படும். கான்பூரில் தயாராகி 2014-ல் வெளிவந்த 'நிர்பீக்' போன்ற சிறிய ரிவால்வரின் எடையோ சுமார் 500 கிராம். அரைக் கிலோப் பொருளை ஒரு விரல் ஐந்து கிலோ விசையால் இழுக்கும்போது, மற்ற மூன்று விரல்களும் உள்ளங்கையும் சேர்ந்து அதை அசையாமல் நிறுத்தியாக வேண்டும். நிறுத்த வேண்டிய வேலை முழுவதும் பிடியின் மேல் விழுகிறது.

நம் நாட்டில் உரிமத்தோடு வைத்திருப்பவர்களிடம் அதிகம் காணப்படுவது .32 காலிபர். அதன் உதை சிறியது, கை வலிக்காது. அதனால் பிடியைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உதை வருவதற்கு முன்பே, டிரிக்கரை இழுக்கும் அந்த ஒரு நொடிக்குள்ளேயே, குறி தவறிவிடுகிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் தூரம் உள்ள குட்டை ரிவால்வரில் முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப் போய் விழும். பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

மேலே போகுமுன் ஒன்று. இந்த அத்தியாயத்தில் வரும் எந்தச் சோதனைக்கும் ரிவால்வர் காலியாக இருக்க வேண்டும். சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். குண்டு ஊடுருவாத சுவரைப் பார்த்துத்தான் குழல் நீள வேண்டும். வெறும் டிரிக்கர் பயிற்சிக்கு டம்மி தோட்டாக்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விரல் எட்டும் தூரம்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டை ரிவால்வரின் பின்முதுகில் சரியாக நடுவில் பொருத்துங்கள். குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் வரட்டும். இப்போது ஆள்காட்டி விரலை டிரிக்கர் மேல் வையுங்கள். டபுள் ஆக்ஷனில் இழுக்க, விரலின் முதல் மூட்டு மடிப்போ அதற்குச் சற்று முன்பகுதியோ டிரிக்கரில் பதிய வேண்டும். நுனி மட்டும்தான் எட்டுகிறது என்றால் பிடி உங்களுக்குப் பெரிது. விரல் மூட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் பிடி சிறிது.

பெரிய பிடி செய்யும் கெடுதல் சிறியதைவிட அதிகம். விரல் எட்டாதபோது கை தானாகவே பக்கவாட்டில் சுற்றிக்கொள்ளும். வலக்கைக்காரர் என்றால் ரிவால்வரின் முதுகு கவட்டில் இல்லாமல் கட்டைவிரலின் அடிமூட்டு மேல் போய் உட்காரும். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். சுடும்போது உதை முழுவதும் அந்த எலும்பில் இறங்கும். நுனி விரலால் இழுப்பதால் டிரிக்கர் நேர் பின்னே வராமல் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். வலியும் குறித் தவறும் சேர்ந்து வருவது இந்த ஒரு காரணத்தால்தான். அதற்கு மருந்தாகப் பலர் இன்னும் தடித்த ரப்பர் பிடி வாங்கி மாட்டுகிறார்கள். விரல் இன்னும் தூரமாகப் போய்விடும். இந்தத் தவறை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் ரிவால்வர் சட்டகங்களை எழுத்துகளால் பிரிக்கிறது. சட்டைப்பைக்குள் அடங்கும் ஜே சட்டகம், 1899-ல் வந்த மிலிட்டரி அண்ட் போலீஸ் மாடலின் வழிவந்த நடுத்தர கே சட்டகம், .44 மேக்னம் போன்றவற்றுக்கான பெரிய என் சட்டகம். சராசரிக் கைக்கு அதிகம் ஒத்துப்போவது கே சட்டகம்தான். அதே நிறுவனம் 2003-ல் .500 மேக்னம் ரிவால்வரை வெளியிட்டது. அதன் நீண்ட குழல் மாடல் இரண்டு கிலோ எடை, சட்டகமும் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆனால் கை பிடிக்கும் பகுதியை மட்டும் கே அளவிலேயே வைத்தார்கள். அதனால்தான் பின்முதுகின் மேல் தடித்த ரப்பர் மெத்தை போர்த்திய பிறகும் டிரிக்கர் விரலுக்கு எட்டுகிறது. பெரிய துப்பாக்கிக்குப் பெரிய பிடி வேண்டும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

பின்முதுகு திறந்திருக்கும் பிடி, மூடிய பிடி என்று இரண்டு வகை உண்டு. திறந்த பிடியில் இருபுறமும் பலகை, பின்னால் வெறும் இரும்பு. டிரிக்கர் சில மில்லிமீட்டர் கிட்டே வரும், ஆனால் உதை இரும்பிலிருந்து நேராகக் கைக்கு வரும். மூடிய பிடியில் உதை மென்மையாகும், டிரிக்கர் தள்ளிப்போகும். சின்னக் கை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், .32 அல்லது மிதமான .38 தோட்டா சுடுவதாக இருந்தால் யோசிக்காமல் திறந்த முதுகைத் தேர்ந்தெடுக்கலாம். .357 மேக்னத்துக்கு மேல் போனால் மட்டுமே மெத்தையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கை எவ்வளவு உயரத்தில்

குழல் கைக்கு மேலே இருப்பதால்தான் சுட்டதும் வாய் மேலே எகிறுகிறது. குழலுக்கும் கவட்டுக்கும் உள்ள உயர இடைவெளி கூடக் கூட எகிறலும் கூடும். இத்தாலியின் சியாப்பா நிறுவனத்தின் 'ரைனோ' இதைச் சட்டகத்திலேயே தீர்த்தது. அதில் சிலிண்டரின் மேல் அறையிலிருந்து சுடாமல் அடி அறையிலிருந்து சுடுகிறது, குழல் கைக்கு நேராக இறங்கி வந்துவிடுகிறது. மற்ற ரிவால்வர்களில் நாம் செய்யக்கூடியது கையை மேலே ஏற்றுவது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பின்முதுகின் உச்சியில் ஒரு திமில் இருக்கும். ஹேமருக்கு இடம் விட்டு, அந்தத் திமில்வரை கவடு ஏற வேண்டும். பிடியின் மேல்விளிம்பு அகலமாக இருந்து கையை அங்கே போகவிடாமல் தடுத்தால் அந்தப் பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான எண்ணத்தில் பிறந்தது 1873-ன் கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி. அதன் பிடி 1851-ன் நேவி மாடலிலிருந்து அப்படியே வந்தது. ஏரின் மேழிபோல வளைந்து இறங்கும் அந்தப் பிடி, சுட்டதும் கைக்குள் வழுக்கி உருளும். குழல் மேலே போகும், ஹேமர் கட்டைவிரலின் பக்கம் வரும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை இழுத்துச் சுட வேண்டிய ரிவால்வருக்கு இது பொருத்தமே. உதையின் ஒரு பகுதி உருளுவதில் கரைந்துபோவதால் கையும் வலிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் கை இடம் மாறியிருக்கும், மீண்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இலக்குச் சுடுவோருக்கு அது பிடிக்கவில்லை. கோல்ட் நிறுவனம் 1894-ல் 'பிஸ்லி' மாடலைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள புகழ்பெற்ற சுடுதளத்தின் பெயர் அது. இதன் பிடி நீளமானது, நிமிர்ந்தது, டிரிக்கர் வளையத்துக்குப் பின்னால் உயர்ந்து வந்து நடுவிரலை அணைத்துக்கொள்வது. கைக்குள் உருளாமல் நேர் பின்னே தள்ளும். பல பத்தாண்டுகள் கழித்து ரூகர் நிறுவனம் இதே பெயரில் ஒரு பிடியை வெளியிட்டபோது, கனமான வேட்டைத் தோட்டாக்கள் சுடுவோர் அதை விரும்பி எடுத்தார்கள். இந்த இரண்டில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மெதுவான, மிதமான தோட்டாவுக்கு மேழிப்பிடி இன்பமானது. அடுத்தடுத்துச் சுடவும் கனத்த தோட்டாவுக்கும் என் தேர்வு பிஸ்லி வகைதான்.

பிரிட்டிஷ் ராணுவத்திலும் இதே மாற்றம் நடந்தது. வெப்லியின் முந்தைய மாடல்களில் பிடியின் அடி பறவை அலகுபோலக் குறுகி வளைந்திருக்கும். 1915-ல் வந்த .455 காலிபர் ஆறாம் மாடலில் அதைச் சதுர அடியுள்ள நேரான பிடியாக மாற்றினார்கள். முதல் உலகப்போரின் நடுவே உற்பத்தி நெருக்கடி தலைக்கு மேல் இருந்த நேரம் அது. சுண்டுவிரலுக்கு ஒரு தாங்கல் கிடைப்பது அவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

நடுவிரலைக் கவனியுங்கள்

டிரிக்கர் வளையத்தின் பின்பகுதிக்கும் பிடிக்கும் நடுவே பல ரிவால்வர்களில் ஒரு வெற்றிடம் இருக்கும். நடுவிரல் அந்தக் குழிக்குள் ஏறிக்கொள்ளும். உதை வரும்போது வளையத்தின் இரும்பு விளிம்பு அதே விரல் மூட்டில் அடிக்கும். இருபது முப்பது தோட்டாக்களுக்குள் தோல் சிவந்துவிடும், அடுத்த சுடுதலில் கை தானாகவே பயந்து இறுகும். ரூகர் 1959-ல் வெளியிட்ட சூப்பர் பிளாக்ஹாக்கில் வளையத்தின் பின்பக்கம் சதுரமாக இருந்தது. .44 மேக்னம் சுட்டவர்களின் நடுவிரல் அதை மறக்காது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய மெல்லிய பிடிகளில் இந்த வெற்றிடம் பெரிது. 1930களின் நடுவில் வந்த மேக்னா பிடிகள் மேற்புறத்தில் திமிலின் இருபக்கத்தையும் மூடிக் கவட்டுக்கு அகலம் கொடுத்தன, ஆனால் முன்புற இடைவெளியை நிரப்பவில்லை. அதை நிரப்ப டைலர் என்ற பெயரில் வார்ப்பு உலோகத்தாலான ஒரு சின்ன அடைப்பு விற்பனைக்கு வந்தது. பலகைகளுக்கு முன்னால் செருகிக்கொள்ளலாம். திறந்த முதுகு, மேலே அகலம், முன்னால் அடைப்பு என்று மூன்றும் சேர்ந்த அந்த ஏற்பாடு இன்றைக்கும் சிறிய, நடுத்தரக் கைகளுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பிடிகளில் ஒன்று. விலையும் குறைவு.

ரூகர் 1980களின் நடுவில் ஜிபி100 மாடலில் வேறு வழி பிடித்தது. கைப்பிடி வடிவச் சட்டகத்தையே எடுத்துவிட்டு ஒரு கட்டையான இரும்பு முளையை மட்டும் வைத்தது. அந்த முளையைச் சுற்றி எந்த வடிவத்திலும் பிடி செதுக்கிக்கொள்ளலாம். சட்டகம் கட்டிப்போடாத பிடி வேண்டும் என்பவர்களுக்கு இது வரம்.

ரப்பரும் மரமும்

ரப்பர் வியர்வைக் கையிலும் வழுக்காது, உதையைக் கொஞ்சம் விழுங்கும். நம் ஊர் வெயிலில் இது பெரிய நன்மை. குறையும் அதுவேதான். ஒட்டிக்கொள்வதால், தவறான இடத்தில் பிடித்துவிட்டால் கை நகர்ந்து சரியான இடத்துக்கு வராது. சட்டைத் துணியும் அதில் மாட்டிக்கொள்ளும். ரப்பரை ராவவும் முடியாது. மரத்தை உங்கள் கைக்குத் தக்கபடி குறைக்கலாம். கட்டம் செதுக்கிய மரம் லேசான தோட்டாவுக்குச் சரி. கனத்த தோட்டாவுக்கு அது உள்ளங்கையைச் சுரண்டும், வழவழப்பானதே நல்லது.

விரல் பள்ளங்கள் உள்ள பிடிகள் கடைக் கண்ணாடிக்குள் மிக நன்றாகத் தெரியும். அந்தப் பள்ளங்கள் தயாரிப்பாளர் நினைத்துக்கொண்ட ஒரு சராசரிக் கைக்கானவை. உங்கள் விரல் பள்ளத்தில் விழாமல் மேட்டில் விழுந்தால், உயரமாகப் பிடிக்க முடியாது, சமமாக அழுத்தவும் முடியாது. 1999-ல் எட்டு தோட்டாக்களை ஒரே நொடியில் சுட்டு உலக சாதனை படைத்த ஜெரி மிக்குலெக்கின் பெயரில் ஹோக் நிறுவனம் விற்கும் பிடியைப் பாருங்கள். மெலிந்த மரம், விரல் பள்ளங்கள் கிடையாது, பின்முதுகின் மேல்பகுதி கை ஏறுவதற்காகத் திறந்தே இருக்கிறது. ரிவால்வரை அவரைவிட வேகமாகச் சுடத் தெரிந்தவர் அரிது. அவர் பெயரில் வரும் பிடியே இவ்வளவு எளிமையானது என்றால் நாம் பள்ளங்களுக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

விளையாட்டுப் போட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் கைக்கேற்ப செதுக்கிய பிடிகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, மணிக்கட்டு வெளிப்படையாகச் சுதந்திரமாக இருக்க வேண்டும். செதுக்குவதற்கு முன் விதிப்புத்தகத்தின் நடப்புப் பதிப்பைப் படித்துவிடுங்கள்.

வீட்டிலேயே பொருத்திப் பார்ப்பது

புதுப் பிடி வாங்குவதற்கு முன், இருக்கும் பிடியிலேயே சோதிக்க வழி உண்டு. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பிடியைச் சுற்றி மாட்டுங்கள். இரண்டு நாள் காலி ரிவால்வரோடு டிரிக்கர் பயிற்சி செய்யுங்கள். தடிமன் கூடியதால் குழல் அமைதியானதா, விரல் எட்டவில்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

அமைதி என்பதை அளக்க ஒரு ரூபாய் நாணயம் போதும். தட்டையான முன் சைட்டுக்குப் பின்னே குழலின் மேல் அதை வைத்து, டிரிக்கரை மெதுவாகக் கடைசிவரை இழுங்கள். இழுப்பின் தொடக்கத்திலேயே விழுந்தால் பெரும்பாலும் கை இறுகும் விதத்தில் கோளாறு. ஹேமர் விழும் கணத்தில் விழுந்தால் விரலின் கோணத்தைப் பாருங்கள், அங்கேதான் பிடியின் தடிமன் காரணமாக இருக்கும்.

மரப்பிடி என்றால் கையில் சாக்பீஸ் தூள் தடவிக்கொண்டு, சுடும் நிலையில் இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். தூள் பட்ட இடமும் படாத இடமும் தெளிவாகப் பிரிந்து தெரியும். வலக்கைக்காரருக்கு அடிக்கடி பிடியின் வலப்பக்கத்தில், ஆள்காட்டி விரலின் அடிப்பகுதிக்குக் கீழே, ஒரு தடித்த வெள்ளைப் பட்டை விழும். விரலை டிரிக்கரிலிருந்து தள்ளிவைப்பது அந்த மேடுதான். பிடியைச் சட்டகத்திலிருந்து கழற்றி, அந்த இடத்தில் மட்டும் நடுத்தர உப்புத்தாளால் பத்துப் பதினைந்து தேய்ப்பு தேயுங்கள். மாட்டுங்கள், மறுபடி தூள் தடவிப் பாருங்கள். ஒரேயடியாகக் குறைத்துவிட்டால் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இரும்புச் சட்டகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ராவாதீர்கள், அது உரிமம் பெற்ற ஆயுதப் பணியாளரின் வேலை.

சிலிண்டர் இடப்பக்கம் திறக்கும் ரிவால்வர்களில் இடப்பலகையின் மேல்மூலையையும் பார்க்க வேண்டும். அங்கே மரம் தடித்திருந்தால் காலித் தோட்டா வெளியே வரும்போது அதில் இடித்து நிற்கும், வேக நிரப்பியும் நேராக இறங்காது. சிலிண்டரைத் திறந்து டம்மி தோட்டாக்களோடு வெளியேற்றிப் பாருங்கள், எந்த அறையில் இடிக்கிறதோ அங்கே ஒரு சரிவு வெட்டுங்கள். நடுவில் மடங்கித் திறக்கும் வெப்லி வகையிலும், அதன் வழிவந்த கான்பூர் .32 ரிவால்வரிலும் இந்தச் சிக்கல் கிடையாது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். குண்டு குழலை விட்டு வெளியேறச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அதற்குள்ளேயே ரிவால்வர் மேல்நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். முன் சைட் உயரமாக வைக்கப்பட்டிருப்பது இந்தத் திரும்பலைக் கணக்கில் எடுத்துத்தான். பிடி மாறினால் கையின் உயரமும் அழுத்தமும் மாறும், திரும்பலின் அளவும் மாறும். எனவே பிடி மாற்றியபின் அதே சைட், அதே தோட்டா என்றாலும் குண்டு வேறிடத்தில் விழலாம். பதறிப்போய் அன்றைக்கே சைட்டைத் திருகாதீர்கள். வழக்கமாகச் சுடும் அதே தோட்டாவில் ஒரு பெட்டி சுடுங்கள். கை புது இடத்துக்குப் பழகட்டும், துளைகள் ஓரிடத்தில் சேரட்டும். சேர்ந்த பிறகு சைட்டைத் தொடுங்கள். சேரவே இல்லையென்றால், காசு போனதே என்று பார்க்காமல் பழைய பிடியை எடுத்து மாட்டிவிடுங்கள்.